வழியில் குடியிருப்பவன்

வத்தலக்குண்டு என்று சொன்னதும் கேட்டவர் முகம் மலரும். "ஓ, கொடைக்கானல் போற வழியா!" என்பார். ஐம்பத்தைந்து வருஷமாக நான் வழியில்தான் குடியிருக்கிறேன்.

எங்கள் கதையாவது பரவாயில்லை. பக்கத்தில் அம்மையநாயக்கனூரில் இருக்கும் ரயில் நிலையத்துக்குப் பெயரே கொடைக்கானல் ரோடு. அங்கிருந்து கொடைக்கானல் சுமார் 80 கிலோமீட்டர். விடிகாலையில் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக இறங்கி, எட்டு மணி வெயிலில் வேர்த்து வழிந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெயர் மேல் குற்றம் இல்லை. 'ரோடு' என்று தெளிவாகத்தானே போட்டிருக்கிறது?

மே பிறந்தால் எனக்குச் சொந்தங்கள் பெருகும். போன முறை சென்னையிலிருந்து சித்தப்பா மகன் குடும்பத்தோடு வந்தான். "உங்களப் பாக்கத்தாண்ணே வந்தோம்" என்றான். கையில் கொடைக்கானலுக்கான இ-பாஸ். 2024 மே 7-இலிருந்து அது இல்லாமல் மேலே வண்டி போகாது. "உங்களப் பாக்கறதுக்கு எதுக்குங்க பாஸு?" என்று அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்டாள். அவன் காதில் விழவில்லை.

வழி காட்ட என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். காட்ரோடு தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததுமே அவன் பயல் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டான். நகத்தால் கீறிக் கீறி அது பாதி தோலுரிந்துவிட்டது. ஐந்தாவது வளைவில், காலையில் நான் வாங்கிக் கொடுத்த நெய் ரோஸ்ட் மலைக்குக் காணிக்கையானது.

டம்டம் பாறையில் இறங்கினோம். எதிர் மலையில் வெள்ளை நூலாகத் தலையாறு அருவி. எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். உயரம் 297 மீட்டர். "தமிழ்நாட்டுலயே ஒசரமான அருவி இதாம்ப்பா" என்றேன், நானே வெட்டிவிட்டது போல.

"இதுல குளிக்க முடியுமாண்ணே?"

"முடியாது."

"அப்ப வண்டிய எடு" என்றான் டிரைவரிடம்.

மேலே ஏரியைச் சுற்றினோம். அது 1863-இல் லெவிஞ்ச் என்ற வெள்ளைக்காரக் கலெக்டர் உண்டாக்கியது என்றதும் போலிச் சரக்கை வாங்கிவிட்டது போல அவன் முகம் வாடியது. குணா குகையில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, 'மஞ்சும்மல் பாய்ஸ்' பார்த்த சகலரோடும் சேர்ந்து செல்பி எடுத்தோம்.

இறங்கும்போது, இப்போதாவது ஊர்ப் பெருமையைச் சொல்லலாமே என்று ஆரம்பித்தேன். சுப்பிரமணிய சிவா 1884-இல் பிறந்தது எங்கள் ஊரில். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதி 26 வயதில் போய்ச் சேர்ந்த ராஜம் அய்யர் எங்கள் ஊர். 'மணிக்கொடி' பி.எஸ். ராமையா, 'வாடிவாசல்' எழுதிய சி.சு. செல்லப்பா எல்லாரும் எங்கள் ஊர்க்காரர்கள். இத்தனை சின்ன ஊருக்கு இது ரொம்பவே அதிகம் என்பது என் கட்சி.

அவன் பொறுமையாகக் கேட்டான். "அவங்கள்லாம் கொடைக்கானல்ல ரூம் போட்டு எழுதுனாங்களாண்ணே?"

வெற்றிலைக் கவுளி ஒன்று வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன். போன வாரம் போன் வந்தது. குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் பூக்கும், 2018-இல் பூத்தது, அடுத்தது 2030 என்று எங்கோ படித்தானாம். "அந்த வருசம் கண்டிப்பா உங்களப் பாக்க வர்றோம்ணே."

மாடி ரூமில் இன்னொரு ஃபேன் மாட்டி வைக்கச் சொல்லியிருக்கிறான்.