வீராம்பட்டினத்துப் பட்டடையின் காலமும் விலையும்: ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள், புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்து வீடொன்றின் பின்கட்டில் கருவாடு மூடிய சாக்கு பறக்காமலிருக்கப் பாரமாக வைத்திருக்கும் கொல்லன் பட்டடை. ஒரு முனையில் கொம்பு. மறுமுனையில் சதுரத் துளை, அதன் பக்கத்தில் சிறிய வட்டத் துளை. இடுப்பில் சாக்கட்டி தேய்த்தபோது துருவுக்குள்ளிருந்து 1, 2, 10 என்று இடைவெளிவிட்டு மூன்று எண்கள் எழுந்தன.

இவ்வூருக்குத் தொல்லியல் புதிதல்ல. கூப்பிடு தூரத்தில் அரிக்கமேடு. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே கிடைத்த இத்தாலியச் சிவப்பு மட்பாண்டச் சில்லுகளைக் கொண்டு ஒரு துறைமுகத்துக்கே வயது சொன்னார். உடைந்த தட்டுக்கு அந்த மரியாதை என்றால், உடையாத பட்டடைக்கு ஒரு கட்டுரையாவது வேண்டாமா?

முன்னோர் கொள்கைகளும் மறுப்பும்

திண்ணைப் பள்ளியினர் அந்த எண்களைச் சேர்த்துப் படித்து 1210ஆம் ஆண்டு என்பர். அப்படியானால் மூன்றாம் குலோத்துங்கன் காலம். சோழநாட்டுக் கொல்லர் இன்றைய எண் வடிவத்தில், அதுவும் கிறிஸ்து ஆண்டில் பொறித்தார் என்பதை ஏற்க, இவ்வாய்வாளருக்கு இன்னும் இரண்டு டீ தேவைப்படும்.

கோயில் பள்ளியினர், ஆடி வெள்ளியில் பிரெஞ்சு கவர்னரே வடம்பிடித்த செங்கழுநீர் அம்மன் தேருக்கு அச்சாணி அடித்த பட்டடை இதுதான் என்பர். சான்று கேட்டால், "தேர் ஓடுதா இல்லையா?" என்பர். ஓடுகிறது. ஆகவே மறுக்க வழியில்லை.

பிரெஞ்சுப் பள்ளியினர் இதைக் கப்பலில் வந்த பாரீசுச் சரக்கு என்பர். பிரெஞ்சுப் பட்டடைக்குப் பெரும்பாலும் இருபுறமும் கொம்பு; இதற்கு ஒன்றே. தவிர, கிலோவைக் கண்டுபிடித்த நாடு இப்படி எண்ணிடாது.

தீர்வு

இங்கிலாந்துப் பட்டடையில் முதல் எண் அந்தர், அதாவது 112 ராத்தல். இரண்டாவது கால் அந்தர், தலா 28 ராத்தல். மூன்றாவது மிச்ச ராத்தல். 112, 56, 10: ஆகமொத்தம் 178 ராத்தல், ஏறத்தாழ 81 கிலோ. மீன் தராசு 80 என்றது. ஒரு கிலோவை உப்புக்காற்று தின்றிருக்க வேண்டும். லாடத்துக்கு ஆணித்துளை இட உதவும் அந்த வட்டத் துளை 1830வாக்கில்தான் வழக்குக்கு வந்தது. ஆக, குலோத்துங்கன் தப்பினார். ஆங்கிலேயர் இரும்பு பிரெஞ்சு எல்லைக்குள் எப்படி வந்தது? ஆங்கிலேயர் வசமிருந்த கடலூர் பக்கத்தில்தான் இருக்கிறது. 81 கிலோவைச் சுங்கக்காரர் கண்ணில் படாமல் கடத்தியிருந்தால் அது தனி ஆய்வுக்குரியது.

விலை

காயலான் கடையில் எடைக்கு எடை. பழம்பொருள் கடையில் துருவுக்குத் தனி விலை, கதைக்கு அதைவிட அதிகம். கொல்லர் மட்டும் இரண்டையும் கேட்கமாட்டார். ஒரு பேரிங் குண்டை ஒரு சாண் உயரத்திலிருந்து பட்டடையின் முகத்தில் போடுவார். முக்கால் சாணுக்குத் துள்ளினால் மேல் எஃகு உயிரோடிருக்கிறது. சொத்தென்று விழுந்தால் அது வார்ப்பிரும்பு, அல்லது தீ விபத்தில் பதம் போனது. நம்முடையது துள்ளியது; சுத்தியல் பட்டதும் தெருக்கோடிவரை கேட்டது.

முடிபு

வயது 200க்குள். விலை, வேலைசெய்ய ஆள் கிடைத்தால் நல்ல விலை. கிடைக்காவிட்டால் கருவாட்டுப் பாரம். வாசகர் வீட்டில் இப்படியொன்று இருந்தால் கிரைண்டர் வைத்துப் பளபளப்பாக்க வேண்டாம்; மெல்லிய எஃகு முகம் போய்விடும். காயலான் வண்டி வருமுன் இடுப்பில் சாக்கட்டி தேய்த்துப் பாருங்கள்.