நெடுந்தொடர்ப் பாத்திரங்களின் மூவகை விகாரம்

சொற்கள் புணருமிடத்து நிகழும் மாற்றங்களைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுத்த இலக்கண நூலார், தொலைக்காட்சித் தொடர்களை மனத்திற்கொண்டு அவ்வாறு செய்திருக்க இயலாது; எனினும், விரும்பிப் பார்த்த பாத்திரம் திடீரென நீக்கப்படும்போது பார்வையாளருக்கு உண்டாகும் ஆற்றாமையை ஆராயப் புகுவோருக்கு, இதனினும் செவ்விய கருவி வேறில்லை.

அவற்றுள் கெடுதலாவது, இருந்த பாத்திரம் இல்லாமற்போதல். அது அறிவித்துக் கெடுதல், அறிவியாது கெடுதல் என இருவகைப்படும். கொரியப் போர்க்கள மருத்துவமனையைக் களமாகக் கொண்ட 'மேஷ்' என்னும் அமெரிக்க நகைச்சுவைத் தொடரில், ஊர் திரும்பிய தலைவர் ஹென்றி பிளேக்கின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்ட செய்தி, 1975 மார்ச் 18 அன்று ஒளிபரப்பான பகுதியில், அறுவைக் கூடத்தில் சொல்லப்பட்டது. சிரிக்க அமர்ந்தவர்கள் சினந்து கடிதம் எழுதினரெனினும், தொடர் 1983 வரை நீடித்தது. இது முன்னதற்குச் சான்று. பின்னதற்குச் சான்று, 1974இல் தொடங்கிய 'ஹேப்பி டேஸ்' தொடரின் மூத்த மகன் சக்: இரண்டாம் பருவத்துக்குப்பின் அவனைக் காணவில்லை, தேடுவாருமில்லை, காவல் நிலையத்தில் புகார் கொடுப்பாருமில்லை, 1984இல் வந்த நிறைவுப் பகுதியில் பெற்ற தந்தையே தமக்குப் பிள்ளைகள் இருவர் என்ற கணக்கில் பேசி மகிழ்ந்தார்.

திரிதலாவது, பாத்திரம் நிற்க, முகம் மாறுதல். தமிழ்த் தொடர்களில் 'இவருக்குப் பதில் இவர்' என்ற ஒருவரி அறிவிப்போடு இது நிறைவேறும்; நேற்றுவரை உடன் வாழ்ந்த கணவன் வேறு முகத்தோடு காபி கேட்டாலும் மனைவி எடுத்துக் கொடுப்பாள். 1969இல் 'பிவிட்ச்டு' தொடரின் கணவனும் இவ்வாறே ஆள் மாறினான். மனைவி சூனியக்காரி என்று தெரிந்திருந்தும் அவள்மேல் ஒருவரும் ஐயுறவில்லை. மாறாக, பிரிட்டனின் 'டாக்டர் ஹூ', 1966இல் முதன்மை நடிகர் விலகியபோது, நாயகர் வேற்றுக்கோளினர், உடல் நலிந்தால் உருமாறுவார் எனத் திரிதலையே கதையாக்கியது. அவ்வுபாயம் அரை நூற்றாண்டு கடந்தும் தேயவில்லை.

தோன்றலாவது, கெட்டது மீளுதல். 'டாலஸ்' தொடரின் பாபி யூயிங் 1985இல் கார் மோதி இறந்து, 1986இல் குளியலறையில் உயிரோடு காட்சியளித்தார். இடையே சென்ற 31 பகுதிகளும் மனைவி கண்ட கனவாயின. ஆயினும், கிளைத்தொடரான 'நாட்ஸ் லேண்டிங்' அவருக்குத் துக்கம் காத்துவிட்டபடியால் கனவை ஏற்கவில்லை. ஆகவே ஒரே ஆள் தன் வீட்டில் உயிரோடும், தம்பியைப் பறிகொடுத்த அண்ணன் வீட்டில் இறந்தும் இருக்கும் அரிய நிலை உண்டாயிற்று.

இம்மூன்றையும் ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலனாகும்: பார்வையாளர் சாவைப் பொறுப்பர், தாம் ஓராண்டு வருந்தியது வீண் என்பதையும், பார்த்ததைப் பார்க்கவில்லை எனக் கொள்ளுமாறு பணிக்கப்படுவதையும் பொறார். நடிகரின் ஒப்பந்தம், ஊதியம், உடல்நலம் ஆகிய காரணங்கள் தயாரிப்பாளருக்கு உரியவை. வரவேற்பறைச் சுவரில் மாலையிட்ட ஒரு படமும், அதைக் கடக்கையில் எவரேனும் விடும் ஒரு பெருமூச்சும் பார்வையாளருக்கு உரியவை. படம், மாலை, ஆணி ஆகியவற்றுக்கான செலவை ஒவ்வொரு தொடரும் முதல் பகுதியிலேயே ஒதுக்கிவைப்பது நலம். பாத்திரம் மீளும் வாய்ப்புள்ள இடங்களில் ஆணியை மட்டும் எளிதில் பிடுங்கத்தக்கதாக அடித்தல் வேண்டும்.