கூடாது என்றால் இனிக்கும்

எழுபதுகளில் தாம்பரத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் இரண்டு பட்டியல்கள் உண்டு. கூடாதவை: வெயிலில் சைக்கிள் விடுவது, ஏரியில் குதிப்பது, மின்சார ரயிலில் வாசற்படியில் நிற்பது. கட்டாயமானவை: சாதத்தில் இன்னொரு கரண்டி நெய், பாலில் தாராளமாகச் சர்க்கரை, மத்தியானத் தூக்கம். முதலாவதற்கு முதுகில் பிரம்படி. இரண்டாவதற்குச் ‘சமர்த்து’ப் பட்டம். இப்போது டாக்டர் அதே இரண்டு பட்டியல்களைத்தான் எழுதித் தருகிறார். தலைப்புகளை மட்டும் இடம் மாற்றிவிட்டார்.

அப்போது வாடகை சைக்கிள் மணிக்கு 25 பைசா. சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்கு பெடல். 1937-இல் தாம்பரத்துக்கு இடம் மாறி வந்த கிறிஸ்தவக் கல்லூரியின் மதில் ஓரம் வந்ததும், உள்ளேயிருக்கும் காட்டின் காற்று வியர்த்த கழுத்தில் ஜில்லென்று படும். இன்று மாதச் சந்தா கட்டி, ஏசி அறையில், எங்கும் போகாத சைக்கிளை மிதிக்கிறேன். எதிரே டிவியில் யாரோ ஆல்ப்ஸ் மலையில் எனக்குப் பதிலாகக் காற்று வாங்குகிறார்.

கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931-இலேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அந்த மீட்டர் கேஜ் வண்டியின் வாசற்கம்பியைப் பிடித்து நின்றால், கண்ணை மூடிக்கொண்டே ஊர் சொல்லலாம். சானடோரியத்தில் மரக்காற்று, குரோம்பேட்டையில் அந்த ஊருக்குப் பெயரையே தந்த தோல் தொழிலின் வாடை, மீனம்பாக்கத்தில் தலையை உரசுகிறாற்போல விமான இரைச்சல். தவறி விழுந்தவர்களும் உண்டு. அப்பாவின் பிரம்பில் நியாயம் இல்லாமல் இல்லை. 2004-இல் மீட்டர் கேஜ் போயிற்று. 2025 ஏப்ரலில் ஏசி ரயிலும் வந்தது. கதவு தானே சாத்திக்கொள்கிறது. சொகுசுதான், ஒலிபெருக்கி சொன்னால்தான் எந்த ஊர் வந்தது என்று தெரிகிறது.

சிட்லபாக்கம் ஏரியில் இறங்கினால் சேறு விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு பிதுங்கும். காதில் புகுந்த தண்ணீர் ராத்திரி பாய்க்கு வந்துதான் வெதுவெதுப்பாக வெளியேறும். இன்று கரையில் நல்ல நடைபாதை. நானும் நடக்கிறேன். கொஞ்சம் நின்று கொக்கைப் பார்த்தால் கைக்கடிகாரம் துடிக்கிறது: இன்றைய கணக்கு பாக்கி இருக்கிறதாம். அப்பா கீழே வைத்த பிரம்பை அது எடுத்துக்கொண்டது.

நுங்கின் கதி இன்னும் மோசம். கண்ணில் கட்டைவிரலை விட்டு உறிஞ்சினால் சாறு முழங்கை வரை வழியும். தின்று முடித்த இரண்டு காய்களைக் குச்சியில் கோத்தால் வண்டி. தெருப்புழுதியில் அதை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு. இப்போது உரித்து, பிளாஸ்டிக் பையில் கட்டி வருகிறது. கிண்ணத்தில் போட்டு ஸ்பூனால் சாப்பிடுகிறேன். “உடம்புக்கு ரொம்ப நல்லது” என்று டாக்டர் சொன்ன நாள் முதல் அதில் லேசாக மருந்து வாடை அடிக்கிறது.

அதற்காக, என் நாக்கு செத்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். ஸ்டேஷன் வாசலில் வாழைக்காய் பஜ்ஜியைச் செய்தித்தாளில் வைத்து அழுத்தி, எண்ணெய் எழுத்துகளில் ஊறுவதைப் பார்த்து, வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லையென்று இரண்டு பக்கமும் நோட்டம் விட்டுக் கடிக்கும்போது, அந்தப் பழைய மதிலோரக் காற்று அப்படியே கழுத்தில் வீசுகிறது. கட்டாயம் தின்னச் சொன்ன காலத்தில் நெய்கூட இத்தனை ருசித்ததில்லை.

பேத்திக்கு நீச்சல், ஸ்கேட்டிங், யோகா மூன்றுக்கும் வகுப்பு. மூன்றுக்கும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கிளம்புகிறாள். நடக்கக் கூப்பிட்டால் கால் வலிக்கிறதாம். போன வாரம் குரலைக் கடுமையாக்கிச் சொன்னேன்: “தாத்தா ஏரிக்குப் போறேன். நீ அந்தப் பக்கம் தலை வச்சும் படுக்கக் கூடாது.”

நான் செருப்பு மாட்டுவதற்குள் தெருமுனைக்குப் போய்விட்டாள், வெறுங்காலோடு.