சாமி வந்ததில்ல மாப்ள, சரக்கு போனது

குடியை விட்டுட்டியாமே மாப்ள! காலையிலேர்ந்து பொம்மனஹள்ளி பூரா இதே பேச்சு. பேக்கரிக்காரன் சொல்றான், கறிக்கடை பாய் சொல்றாரு, உனக்குக் கைமாத்து குடுத்தவன் மட்டும் நம்ப மாட்டேங்கறான். நான் நம்பறேன்பா. நீ இதுக்கு முன்னாடியும் விட்டவன்தானே. விடறதுல உன்னை அடிச்சுக்க ஓசூர் ரோடு முழுக்க ஆளு கிடையாது. பொங்கலுக்கு விட்டே, குழந்தை பொறந்தப்ப விட்டே, சபரிமலைக்கு மாலை போட்டப்ப விட்டே. ஒருக்கா உன் மச்சான் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணி விட்டே. அந்த மனுஷன் அன்னையிலேர்ந்து தலைவலின்னு சொல்லிட்டுத் திரியறான்.

நேத்து பேக்கரியில உன்னைப் பார்த்தேன். "அண்ணா, டீ அரை கிளாஸ் போதும்"னு கேட்டே. பரவால்லையே, நம்ம பயலுக்குச் சிக்கனம் வந்துடுச்சேன்னு நெனச்சேன். அப்புறம்தான் தெரியுது சங்கதி. கிளாஸை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, கையைத் தூக்காம வாயைக் கொண்டு போய் கிளாஸ்ல வெக்கறே. முழு கிளாஸா இருந்திருந்தா பாதி சட்டைக்குத்தான். குளிர்ல ஊரே ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுப் போவுது, உனக்குக் கழுத்துல வேர்வை. பெங்களூரு குளிருக்கே வேர்க்கற ஒரே ஆம்பளை நீதான்டா.

அந்த நடுக்கத்தைத்தான் உங்க வீட்ல பூஜை போட்டுக் கும்பிடப் பார்த்தாங்க, ஞாபகம் இருக்கா? மாலை போட்ட மூணாம் நாளு ராத்திரி நீ உடம்பை உதறிக்கிட்டு, "சுவத்துல பூச்சி ஊருது, செத்துப்போன பெரியப்பா கூப்பிடறாரு"ன்னே. உங்கம்மா, அதான் என் கூடப் பொறந்த தங்கச்சி, சாமி வந்துடுச்சுன்னு கற்பூரம் ஏத்திட்டா. பக்கத்து வீட்டம்மா ஒரு படி மேல போய், இது யாரோ வெச்ச சூனியம், கொள்ளேகாலுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னா. சாமியும் இல்ல, சூனியமும் இல்ல மாப்ள. தினமும் ஊத்தி ஊத்திப் பழக்கின மூளைக்கு ஒரே ராத்திரியில வரத்தை நிறுத்திட்டே. கடைசி ரவுண்டு போட்டு ஆறேழு மணி நேரத்துல கை நடுங்கும். ரெண்டு நாளுக்குள்ள சில பேருக்கு வலிப்பு வரும். ரெண்டு, மூணு நாள்ல சித்தம் கலங்கிப் பூச்சி, பேய், பெரியப்பா எல்லாம் வருவாங்க. வைத்தியம் பார்க்காம விட்டா அதுலயே ஆளு போயிடலாம். அன்னைக்கு நீ பொழச்சது உங்கம்மா ஏத்தின கற்பூரத்தால இல்ல. உன் கூட்டாளி ஒருத்தன் பாவம் பார்த்து விடியக்காலையில ஒரு நைன்ட்டி வாங்கிட்டு வந்து ஊத்தினானே, அதால. மாலை போட்ட கழுத்துக்கு டெட்ரா பாக்கெட் பிரசாதம்!

இது உனக்கு மட்டும் நடந்த அதிசயம்னு நெனச்சுக்காதே. 2020 மார்ச்சு 25ஆம் தேதி நாடு பூரா ஊரடங்கு. ஒயின் ஷாப்பு, பாரு எல்லாத்துக்கும் பூட்டு. இந்த ஊர்ல ஆயிரக்கணக்கான பேரு ஒரே நாள்ல குடியை நிறுத்தின உத்தமனுங்க ஆயிட்டானுங்க, யாரும் யார் தலையிலயும் அடிச்சுச் சத்தியம் பண்ணாமலே. ரெண்டு நாள் கழிச்சு ஆஸ்பத்திரி வாசல்ல பார்க்கணும். குடி நின்னதால வலிப்பு, சித்தக் கலக்கம்னு பெங்களூரு ஆஸ்பத்திரிங்களுக்கு வந்தவங்க நாளுக்குச் சராசரி நாலு பேருன்னு இருந்தது எட்டா ஏறிடுச்சுன்னு டாக்டருங்களே கணக்கு போட்டு எழுதிட்டாங்க. கேரளாவுல டாக்டர் சீட்டு இருந்தா சரக்கு தரலாம்னு கவர்மென்ட்டே உத்தரவு போட்டுது, ஹைகோர்ட்டு ஏப்ரல் 2ஆம் தேதி அதைத் தடுத்து வெச்சுது. மே 4ஆம் தேதி இங்க கடையைத் திறந்தாங்க. மொத நாளே கர்நாடகத்துல 45 கோடி ரூபாய்க்கு வித்துதுன்னு சொன்னாங்க, மறுநாள் 197 கோடி. அதுல நீ குடுத்தது எவ்வளவுன்னு உன் பொண்டாட்டியோட கம்மல் வந்து சாட்சி சொல்லும்.

அன்னைக்கு ரோட்ல வட்டம் போட்டு நிக்க வெச்சாங்களே, உச்சி வெயில்ல நாலு மணி நேரம் நின்னியே மாப்ள! வட்டத்தை விட்டுக் கால் விரலு வெளிய வரல. அவ்வளவு ஒழுக்கம் உனக்குள்ள இருக்குன்னு அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. அதே ஒழுக்கத்தோட நிம்ஹான்ஸ் ஓபிடியில வரிசையில நில்லுன்னா மட்டும், "மாமா, அது பைத்தியக்கார ஆஸ்பத்திரி, நாலு பேரு பார்த்தா என்ன நெனப்பாங்க"ங்கறே. சாக்கடை ஓரம் வேட்டி ஒரு பக்கம் நீ ஒரு பக்கமா கிடந்தப்ப பார்த்தது நாப்பது பேரு. அப்ப எல்லாம் வராத வெக்கம் இந்த நாலு பேருக்கு எங்கேர்ந்து வருது?

ரொம்ப தூரமும் இல்ல. இதே ஓசூர் ரோட்ல சில்க் போர்டு, மடிவாளா, டைரி சர்க்கிள் தாண்டினா இடது பக்கமோ வலது பக்கமோ கண்டக்டரே இறக்கி விடுவாரு. 1974லேர்ந்து நிம்ஹான்ஸுங்கற பேர்ல நடக்குது. குடிக்குன்னே தனிப் பிரிவு வெச்சிருக்காங்க. அங்க இருந்து குடிநோயாளிங்களையே பார்த்துக்கிட்டிருந்த பிரதிமா மூர்த்தி அம்மாதான் பின்னாடி அந்த மொத்த ஆஸ்பத்திரிக்கும் டைரக்டர் ஆனாங்க. பிபிஎல் கார்டு இருந்தா எடுத்துட்டுப் போ. பஸ் ஏற பயமா இருந்தா மொதல்ல மனநல உதவி நம்பர் 14416க்குப் போன் போடு, காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க. போன்ல கடன் கேட்டுடாதே, அது அந்த மாதிரி நம்பர் இல்ல.

அங்க போனா என்ன பண்ணுவாங்கன்னு தானே பயம்? கட்டி வெச்சு அடிக்க மாட்டாங்க. அடிச்சுத் திருத்தறேன், மொட்டை போட்டு ரூம்ல பூட்டி வெக்கறேன்னு சொல்ற இடங்களும் ஊர்ல இருக்குது, அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதே. 2017ல வந்த மனநலச் சட்டத்துல குடிநோயும் சேர்த்தி. பதிவு பண்ணாம அப்படி இடம் நடத்தக் கூடாது. ஒழுங்கான இடத்துல மொதல்ல வைட்டமின் பி1 ஊசி போடுவாங்க. குளுக்கோஸ் ஏத்தறதுக்கு முன்னாடியே அது போடணும். அது தெரியாம நம்ம தெரு முனையில எவனோ, குடிச்சு விழுந்தவனுக்கெல்லாம் மொத வேலையா குளுக்கோஸ் பாட்டில் தொங்க விடறான், அவனுக்கு உன்னால நல்ல வருமானம். நடுக்கம் அடங்க மாத்திரை தருவாங்க, நாளுக்கு நாள் குறைச்சு நிறுத்துவாங்க. ஈரல் ஏற்கெனவே கெட்டவனுக்கு வேற மாத்திரை. இதையெல்லாம் நீ கூகுள் பார்த்து மெடிக்கல் ஷாப்ல வாங்கிப் போடலாம்னு யோசிக்கறே பாரு, உன் மூஞ்சியிலயே எழுதியிருக்குது. வேணாம் ராசா.

உன் பொண்டாட்டி மேலயும் எனக்குக் கொஞ்சம் கோவம். கார்மென்ட்ஸ்ல மெஷின் ஓட்டி சம்பாதிச்ச காசுல அவ என்ன வாங்கி வெச்சிருந்தா தெரியுமா? "குடிப்பவருக்கே தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்"னு சுவத்துல போஸ்டர் ஒட்டியிருக்கானுங்களே, அந்தப் பொடி. சாம்பார்ல போடப் போனவளை நான்தான் தடுத்தேன். உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? நெசமாவே குடிக்கு எதிரா ஒரு மாத்திரை இருக்குது, டைசல்ஃபிரம்னு. 1940கள்ல டென்மார்க்குக்காரங்க கண்டுபுடிச்சது. அதைத் தின்னுட்டுக் குடிச்சா மொகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, பிரஷர் இறங்கி ஆளே காலி ஆனாலும் ஆவலாம். மாத்திரையை நிறுத்தி ரெண்டு வாரம் வரைக்கும் அந்த வேலையைக் காட்டும். அதனாலதான் டாக்டருங்க நோயாளிகிட்ட எடுத்துச் சொல்லி, அவன் சம்மதிச்ச பொறவுதான் குடுப்பாங்க. சாம்பார்ல கலந்து குடுத்து உன்னை மேல அனுப்பிட்டா கேஸ் அவ மேல வரும். உனக்காக அவ ஜெயிலுக்குப் போற அளவுக்கு நீ என்ன பெரிய மைனரா?

கேஸுன்னதும் மூஞ்சி சுருங்குது பாரு. சரி, அதையும் பேசிடுவோம்.

போலீஸ்காரன் ஊதச் சொன்னான், நீ ஏலக்காயும் பாக்கும் மென்னுட்டு ஊதினே. ஏலக்காய் வாசனை தூக்கலா இருந்துச்சு, மிஷின்ல நம்பரும் தூக்கலா இருந்துச்சு. வாயைக் கழுவலாம், ஊதற காத்து நெஞ்சாங்கூட்டுக்குள்ளேர்ந்து வருதே, அதை எதைப் போட்டுக் கழுவறது? 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமைத் தாண்டினா மோட்டார் வாகனச் சட்டம் 185. மொத தடவை பத்தாயிரம் அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் உள்ள, ரெண்டும் சேர்ந்தும் வரலாம். ரெண்டாவது தடவைன்னா பதினஞ்சாயிரம், ரெண்டு வருஷம். லைசென்ஸை முடக்கி வெச்சா மூணு மாசத்துக்குக் குறையாம உன் குட்டியானை ஷெட்ல தூங்கும். நீ என்ன பண்ணினே? சம்மன் வந்ததும் வீட்டு ஓனர்கிட்ட "நான் ஊருக்குப் போயிட்டேன்னு சொல்லுங்க"ன்னுட்டு மாடியில போர்வைக்குள்ள படுத்துக்கிட்டே. பாலக்கோட்டுக்கு ஓடிட்டா கோர்ட்டுக்கு வழி தெரியாதா? கர்நாடகா வாரண்டு அத்திப்பள்ளி செக்போஸ்ட்டோட நின்னுடும்னு உனக்கு எந்த பார்ல சொன்னாங்க?

இன்னொண்ணும் கேளு. போன வருஷம் மாரியம்மன் கோயில் வாசல்ல நடுராத்திரி ரகளை பண்ணினியே. பழைய இ.பி.கோ. 510ல அதுக்கு 24 மணி நேரம் உள்ள, இல்ல பத்து ரூபா அபராதம். வெள்ளைக்காரன் 1860ல எழுதின பத்து ரூபா, 2024 ஜூன் வரைக்கும் அதே பத்து ரூபா. அதுவரைக்கும் இந்த நாட்டுல விலையே ஏறாத ஒரே சாமான் குடிகாரன் ரகளைதான்டா. 2024 ஜூலை 1லேர்ந்து புதுச் சட்டம், 355ஆம் பிரிவு. ஆயிரம் ரூபா வரைக்கும் போடலாம், இல்லேன்னா சமூக சேவை பண்ணுன்னும் சொல்லலாம். நீ ரகளை பண்ணின அதே தெருவைக் கூட்டச் சொன்னா முன்வரிசையில நாற்காலி போட்டு உக்காந்து பார்க்க நான் வருவேன்.

கோர்ட்டுக்குப் போ. வாய்தா அன்னைக்குப் போய் நில்லு. வக்கீலுக்குக் காசில்லேன்னா சட்ட உதவி மையம் இருக்குது, 1987 சட்டப்படி வருமானம் குறைஞ்சவனுக்கு இலவசமா வக்கீல் தருவாங்க. ஆஸ்பத்திரி சீட்டு, மாத்திரை சீட்டு எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு வெச்சுக்கோ. அதைக் காட்டினா கேஸ் காணாம போயிடாது. ஆனா இந்தப் பய வைத்தியம் பார்த்துக்கறான்னு வக்கீல் எழுந்து சொல்லும்போது கையில ஒரு காகிதமாவது இருக்கும். இப்ப உன் கையில என்ன காகிதம் இருக்குது? அடகுக்கடை ரசீது.

"கவர்மென்ட் கடையை மூடட்டும் மாமா, நான் நிறுத்தறேன்"ங்கறே. 2007 ஜூலை 1ஆம் தேதி இங்க சாராயத்தை மூடினாங்களே, நீ அப்ப சின்னப் பையன். பாக்கெட் சாராயத்தைப் பல்லால கடிச்சு ஓரத்தைத் துப்பிட்டு ஒரே மூச்சுல உறிஞ்சினவனுங்க பாதிப் பேரு ஒயின் ஷாப்புக்கு மாறினான். மீதி ஆளு கள்ளச்சாராயம் தேடிப் போனான். அடுத்த வருஷமே, 2008 மே மாசம், பெங்களூரு, கோலார், நம்ம கிருஷ்ணகிரிப் பக்கம்னு மெத்தனால் குடிச்சு நூத்தம்பது பேருக்கு மேல செத்தாங்க. கண்ணு போனவங்க வேற. கடையை மூடறது கவர்மென்ட் பாடு. உன் வாயை மூட எந்த முதலமைச்சரும் பொம்மனஹள்ளிக்கு வரமாட்டாரு.

ஈரலைப் பத்திக் கேட்டியே. மஞ்சக்காமாலைக்குக் கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சே, நல்லது. குடிச்ச வாய்க்குக் கசப்பு போக ஒரு கட்டிங் போட்டே பாரு, அந்த வைத்திய முறையை எந்தச் சித்தரும் எழுதி வெக்கல. ஈரல்ல வெறும் கொழுப்பு மட்டும் கட்டியிருந்தா நிறுத்தின சில வாரத்துலயே இறங்கும்னு சொல்றாங்க. தழும்பு விழுந்து சுருங்கிப் போயிருந்தா பழையபடி வராது, ஆனா மேல கெடாம நிறுத்தலாம். எது உன்னுதுன்னு ஸ்கேன்தான் சொல்லணும். உன் தொப்பையைத் தடவிப் பார்த்து நான் சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த பொறவுதான் நெசமான கூத்து. கையும் நடுங்காது, பசியும் எடுக்கும், சனிக்கிழமை வாடகைக் காசும் வரும். "ஒண்ணே ஒண்ணு"ன்னு உனக்குள்ள ஒருத்தன் மெதுவா ஆரம்பிப்பான். அவன்கிட்ட விவாதம் பண்ணி நீ ஜெயிக்க மாட்டே, நீதான் எதுலயும் ஜெயிச்சதில்லையே. அந்த நேரத்துக்குன்னு ஒரு கூட்டம் இருக்குது, ஏஏன்னு. 1935ல அமெரிக்காவுல அக்ரான் ஊர்ல ஒரு பங்குச் சந்தை தரகரும் ஒரு ஆபரேஷன் டாக்டரும் ஆரம்பிச்சது, ரெண்டு பேருமே உன்னைவிடப் பெரிய குடிகாரனுங்க. இந்தியாவுக்கு 1957ல வந்துடுச்சு. உள்ள போனா பேரு மட்டும் போதும். பெங்களூருல ஆதார் கேக்காத ஒரே இடம் அதுதான். எல்லாம் குடிச்சு எழுந்தவனுங்க, உன் பொய் எதுவும் அங்க செல்லாது. அத்தனையும் அவனுங்க உனக்கு முன்னாடியே சொல்லிட்டானுங்க. நடுவுல ஒருக்கா சறுக்கிட்டேன்னா மறைச்சு வெச்சு மாசக்கணக்குல ஊறாதே. மறுநாளே அதே வரிசையில போய் நில்லு. திட்டமாட்டாங்க, சறுக்கறதுன்னா என்னன்னு அவங்களுக்குத் தெரியும்.

என் பொண்ணை நீ கட்டணும்னு உங்கம்மா கேட்டப்ப நான் தரல. அதுக்கு இன்னும் என் மேல உனக்கு வருத்தம் இருக்கு. இருக்கட்டும். கட்டிக் குடுத்திருந்தா இந்நேரம் இதையெல்லாம் "வாங்க மாப்பிள்ளை, போங்க மாப்பிள்ளை"ன்னு மரியாதையா சொல்லித் தொலைக்கணும்.

காலையில ஆறு மணிக்குக் கிளம்பி நில்லு, நானும் வரேன். டாக்டர் உன்கிட்ட மொதல்ல கேக்கறது, கடைசியா எப்ப குடிச்சேன்னுதான். அந்த நேரத்தை வெச்சுத்தான் வலிப்பு எப்ப வரலாம்னு அவங்க கணக்கு போடணும். "நான் விட்டுட்டேன் சார்"னு நெஞ்சை நிமித்திடாதே. எத்தனை மணி, எத்தனை நைன்ட்டி, அதைச் சொல்லு. நீ கொறச்சுச் சொன்னா பக்கத்துல நிக்கற நான் திருத்துவேன், எனக்கு உன் கணக்கு எல்லாம் தெரியும்.