ஜருகண்டி உயிரியல்

திருமலைக்குப் போய் வந்த எந்தத் தமிழனுக்கும் தெலுங்கில் ஒரு வார்த்தை நிச்சயம் தெரியும். பத்து மணி நேரம் கூண்டில் உட்கார்ந்து, நின்று, நெரிந்து, கடைசியில் சந்நிதி வாசலில் தலையைத் தூக்கும் நேரம் பார்த்து முதுகில் ஒரு கை விழும். "ஜருகண்டி, ஜருகண்டி!" நகருங்கள் என்று அர்த்தம். கண்ணில் பட்டது பெருமாளா, விளக்கா, முன்னால் நின்றவரின் மொட்டைத் தலையா என்று தெளிவதற்குள் லட்டு கவுன்டருக்கு வந்துவிட்டிருப்போம்.

சித்தூர், திருப்பதிப் பக்கத்துப் பட்டப்படிப்பில் உயிரியலுக்கும் இதே ஏற்பாடுதான். கோயிலில் லட்டாவது கையில் கிடைக்கும்.

2023-24-ல் ஆந்திர உயர்கல்வி மன்றம் பாடத்திட்டத்தைத் திருப்பிப் போட்டது. தாவரவியல், விலங்கியல், வேதியியல் என்று மூன்றையும் கட்டிக்கொண்டு அழுத பழைய 'பிஇசட்சி' போய், ஒரே மேஜர் வந்தது. தாவரவியல்காரனோ விலங்கியல்காரனோ, முதல் பருவத்தில் எல்லோருக்கும் பொதுவாக இரண்டு தாள். ஒன்று 'இன்ட்ரொடக்‌ஷன் டு கிளாசிக்கல் பயாலஜி', இன்னொன்று 'இன்ட்ரொடக்‌ஷன் டு அப்ளைடு பயாலஜி'. வகைப்பாடு, சூழலியல், செடி, விலங்கு, செல், மரபியல், பரிணாமம் எல்லாம் முதல் தாளில். நுண்ணுயிர், நோய் எதிர்ப்பு, உயிர்வேதியியல், உயிர்த் தொழில்நுட்பம், புள்ளியியல் வரை இரண்டாவதில். பூமியில் உயிர் தோன்றி இங்கே வந்து சேர முந்நூற்றைம்பது கோடி வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நம் பிள்ளைகள் அதை ஒரே பருவத்தில் முடிக்கிறார்கள், நடுவில் தசரா விடுமுறையும் உண்டு.

அந்தக் காலத்தில் திருப்பதியில் பாதித் தலையைச் சிரைத்துவிட்டு, ஆள் ஓடாதபடி உட்கார வைத்து, அடுத்த தலைக்குப் போய்விடுவார்கள் என்று ஒரு கேலிக்கதை சொல்வார்கள். இந்தப் பாடத்திட்டம் அந்தக் கத்திதான். ஒவ்வொரு அலகும் அரைமொட்டை.

என் அக்கா மகள் அந்த முதல் செட்டில் சேர்ந்தவள். சித்தூர் மாவட்டத்துக் குடிபாலா பக்கம் வீடு. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கல்லூரியில் ஆங்கிலம். 2021-22 முதல் பட்டப்படிப்பெல்லாம் ஆங்கில வழியில்தான் என்று மாநில அரசு ஒரே போடாகப் போட்டது. பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் உத்தரவு போட்ட மறுநாள் காலை பேராசிரியரின் வாய்க்கும் ஆங்கிலம் வந்துவிடும் என்று நம்பியதுதான் அற்புதம். அற்புதம் செய்த சித்தர்கள்கூட இத்தனை வேகம் காட்டியதில்லை.

"பாடம் எப்படிம்மா போகுது?"

"சாரு படிக்கிறாரு மாமா. நாங்க எழுதறோம்."

சாரு படிக்கிறார். அதுதான் வகுப்பு. கையில் பழுத்த இலை நிறத்தில் ஒரு நோட்டு. ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் வாசிப்பார். அதையே தெலுங்கு வினைச்சொல்லோடு இன்னொரு முறை வாசிப்பார், அதற்கு விளக்கம் என்று பெயர். "மைட்டோகாண்ட்ரியா ஈஸ் தி பவர் ஹவுஸ் ஆஃப் தி செல். அன்டே, மைட்டோகாண்ட்ரியா பவர் ஹவுஸ் அன்னமாட்ட." புரிந்ததா என்று கேட்பார். புரிந்தது என்பார்கள். யாராவது கை தூக்கினால், "இது எக்ஸாமுக்கு வராது, உட்காரும்மா." ஜருகண்டி.

நானும் முப்பது வருஷத்துக்கு முன் இதே கல்லூரியில்தான் படித்தேன். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். அடையாளம் சொன்னால் இந்த இரண்டு மாவட்டங்களிலும் பல கல்லூரிகள் தங்களைத்தான் சொல்கிறேன் என்று சண்டைக்கு வரும். ஒரு வேலையாக உள்ளே போனபோது பழைய ஆய்வகத்தை எட்டிப் பார்த்தேன். மரியாதையாகக் கைகூப்ப வேண்டியதாகிவிட்டது. அலமாரியில் அதே அஸ்காரிஸ். நான் முதலாண்டு படித்தபோது ஃபார்மலினில் மிதந்த அதே உருண்டைப்புழு. நான் தேறி, வேலைக்குப் போய், கல்யாணமாகி, தலை நரைத்து வந்திருக்கிறேன். அது அப்படியே இருக்கிறது. கல்லூரியிலேயே தொடர்ந்து பணிக்கு வந்த ஒரே ஊழியர் அதுதான்.

பாட்டில்களின் சீட்டு எப்போதோ உதிர்ந்துவிட்டது. பிராக்டிகல் தேர்வில் ஸ்பாட்டர் வைத்தால் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? அதற்கு ஒரு பாரம்பரிய அறிவு உண்டு. சீனியர் ஜூனியருக்குச் சொல்லித் தருவது. மூடி உடைந்த பாட்டில் அஸ்காரிஸ். அடியில் நீல மை கொட்டியது நாடாப்புழு. பிளாஸ்டர் ஒட்டியது நட்சத்திர மீன். எங்கள் காலத்தில் இந்தச் சாஸ்திரம் வாய்வழியாக வந்தது, இப்போது வாட்ஸப் குழுவில் படத்தோடு வருகிறது. தொழில்நுட்பம் வளர்ந்திருக்கிறது. வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் சார் ஒரு வருஷம் சும்மா இருக்கமாட்டாமல் மாதிரிகளைப் பாட்டில் மாற்றி வைத்துவிட்டாராம். நாற்பது பேர் நட்சத்திர மீனுக்கு நாடாப்புழுவின் வாழ்க்கைச் சுழற்சியை எழுதினார்கள். படத்தோடு. அத்தனை பேரும் தேர்ச்சி.

2014-ல் பல்கலைக்கழக மானியக் குழு விலங்குகளை அறுக்கக் கூடாது என்று தடை போட்டது. நல்ல காரியம், தவளைக்கு விடுதலை. அறுப்பதற்குப் பதிலாக மாதிரிகள், கணினிக் காட்சிகள் என்று மாற்று வழிகளும் சொன்னார்கள். தவளை போனது. மாற்று வரவில்லை. இப்போது ரெகார்டு நோட்டில் தவளையை வரைவது எப்படி? போன வருஷ ரெகார்டைப் பார்த்து வரைவது. போன வருஷத்தவன் அதற்கு முந்தின வருஷத்தைப் பார்த்து வரைந்தான். நகலெடுக்கும்போது பிழை நேர்ந்தால் தலைமுறை தலைமுறையாக உரு மாறும் என்று பரிணாமப் பாடத்தில் வருகிறதே, அது உண்மைதான். என் அக்கா மகளின் ரெகார்டில் தவளைக்குக் கழுத்து முளைத்திருக்கிறது. கீழே பச்சை மையில் பேராசிரியரின் கையெழுத்து.

நாக் குழு வந்த கதையைச் சொல்லாமல் விட்டால் பாவம். தரம் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்றதும் நர்சரியிலிருந்து வாடகைக்குத் தொட்டிகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றின் பக்கத்திலும் மண்ணில் குச்சி நட்டுத் தாவரவியல் பெயர் எழுதிய அட்டை. 'பொட்டானிக்கல் கார்டன்' திறப்பு விழா நடந்தது. குழு பார்த்தது, சாப்பிட்டது, போனது. மறுநாள் வண்டி வந்து தொட்டிகளை ஏற்றிக்கொண்டு போயிற்று. அட்டைகள் நின்றன. மழை பெய்தது. 'ஹைபிஸ்கஸ் ரோசா சைனென்சிஸ்' என்ற அட்டைக்குக் கீழே பார்த்தீனியம் தளதளவென்று வந்திருக்கிறது. அதையே செம்பருத்தி என்று ஒரு பையன் ஹெர்பேரியத்தில் ஒட்டிக் கொடுத்து மார்க்கும் வாங்கினான். அவனைச் சொல்லி என்ன? அட்டையை நம்பு, கண்ணை நம்பாதே என்று மூன்று வருஷம் காசு வாங்கிக்கொண்டு சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

இதெல்லாம் எந்த ஊரில் நடக்கிறது? அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

வகுப்பு ஜன்னலைத் திறந்தால் சேஷாசலம். 2010-ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு, நாலாயிரத்து எழுநூறு சதுர கிலோமீட்டருக்கு மேல். கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் தானாக முளைக்காத செம்மரம் அங்கே நிற்கிறது. டைனோசர் காலத்து வம்சமான சைகஸில், இந்த மலைகளுக்கே உரிய ஓர் இனம் அங்கே நிற்கிறது. பாறை இடுக்கில் தங்க நிறத்தில் ஒரு பல்லி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பல்லியை 1870-ல் உலகுக்குச் சொன்னவர் பெட்டோம் என்ற வெள்ளைக்காரர். சென்னைப் படையில் சேர்ந்து, பிறகு வனத்துறைக்கு வந்தவர். அந்த சைகஸுக்கும் அவர் பெயர்தான். ரயில் வசதி சரியாக இல்லாத காலத்தில் கடல் கடந்து வந்து இந்த மலையில் ஏறிப் பார்த்துவிட்டுப் போனார் அவர். நம் பேராசிரியர் மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து ஆட்டோ தூரத்தில் குடியிருக்கிறார். ஆய்வகச் சுவரில் ஒரு பல்லி ஓடினால் அட்டெண்டரைக் கூப்பிட்டுத் துடைப்பத்தால் விரட்டச் சொல்கிறார். அன்றைக்குப் பாடம் ஊர்வன.

இந்த மலையைச் செடி செடியாக எண்ணிய ஆய்வாளர்கள் இதே திருப்பதியில் உண்டு. 1954-லிருந்து பல்கலைக்கழகம் இருக்கிற ஊர் இது. மகளிருக்கு ஒன்று, கால்நடைக்கு ஒன்று, 2015-லிருந்து அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனமான ஐசர் வேறு. அறிவுக்குப் பஞ்சமில்லை. அது முதலாண்டு வகுப்பின் வாசற்படியைத் தாண்டி உள்ளே வருவதில்லை, அவ்வளவுதான். வகுப்பில் செம்மரம் என்பது 'எண்டெமிக் ஸ்பீஷீஸுக்கு ஓர் எடுத்துக்காட்டு தருக'. இரண்டு மார்க்.

2015 ஏப்ரல் 7. அந்த இரண்டு மார்க் மரத்துக்காக, சந்திரகிரியை அடுத்த காட்டில் ஆந்திரக் காவல்துறை இருபது பேரைச் சுட்டுக் கொன்றது. தற்காப்பு என்றார்கள். செத்தவர்கள் திருவண்ணாமலை முதலான தமிழக மாவட்டங்களிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். அந்த மரம் ஏன் இங்கே மட்டும் வளர்கிறது, வைரம் பாய எத்தனை வருஷமாகிறது, வெட்டினவனுக்கு என்ன கூலி, கடல் தாண்டி விற்றவனுக்கு என்ன காசு, விற்றவர்களில் ஒருவன்கூட ஏன் சுடப்படவில்லை? சூழலியல் பாடம் என்றால் இதுதான் பாடம். கைடில் இது இல்லை. எக்ஸாமுக்கு வராது, உட்காரும்மா.

2023 ஆகஸ்ட். அக்கா மகள் கல்லூரியில் சேர்ந்த வருஷம். அலிபிரிப் படியில் பெற்றோரோடு ஏறிய ஆறு வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. அடுத்த மாதம் தேவஸ்தானம் பக்தர்கள் கையில் ஆளுக்கொரு தடி கொடுத்தது. நாலு உயர்கல்வி நிறுவனங்கள் உயிரியல் சொல்லித் தரும் ஊரில் மக்கள் கண்ணில் பட்ட பதில், தடி! சிறுத்தை ஏன் படிக்கு வருகிறது, அங்கே என்ன குப்பை விழுகிறது, குப்பைக்கு எந்தப் பிராணி வருகிறது, அதைத் தேடி எது வருகிறது என்று முதலாண்டுப் பிள்ளைகளை ஒரு மாதம் எண்ண விட்டிருந்தால் ஒரு தலைமுறைக்கே சூழலியல் புரிந்திருக்கும். அந்த வாரம் இன்டெர்னலில் கேட்ட கேள்வி: உணவுச் சங்கிலியை வரைந்து பாகங்களைக் குறி. புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து. அதே கழுத்து வைத்த தவளை.

பேராசிரியரை மட்டும் கழுவில் ஏற்றினால் மேலே இருப்பவர்களுக்குக் கொண்டாட்டமாகிவிடும். 2023-ல் மாநிலப் பல்கலைக்கழகங்களில் 3,220 ஆசிரியர் இடங்களை நிரப்பப்போவதாக அரசே அறிவித்தது. அத்தனை நாற்காலி காலியாகக் கிடந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். காலி நாற்காலிகளின் பாடத்தை எடுப்பவர் கெஸ்ட் லெக்சரர். பி.எச்டி முடித்து, மணிக்கணக்குக்குக் கூலி வாங்கி, விடுமுறை மாதத்தில் சம்பளமில்லாமல், அடுத்த வருஷம் இருப்போமா என்று தெரியாமல் நிற்பவர். 'விருந்தினர்' என்று அவருக்குப் பெயர் வைத்தவன்தான் இந்த நாட்டின் ஆகப் பெரிய அங்கதக்காரன். வீட்டு விருந்தாளிக்கு ஒரு டம்ளர் மோராவது கொடுப்போம்.

அக்கா மகளின் கதையில் கடைசிப் பாகம் இருக்கிறது. அவள் அப்பா மாங்கன்று ஒட்டுக் கட்டுபவர். தோத்தாபுரி, பங்கனப்பள்ளி. அவள் எட்டாவது படிக்கும்போதே கத்தி பிடித்தவள். போன விடுமுறையில் பார்த்தேன். வேர்க்கன்றின் தலையைக் கிள்ளி, நடுவே கீறி, குச்சியின் அடியை இரண்டு பக்கமும் சீவி உள்ளே இறக்கினாள். பட்டையோடு பட்டை சேர்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். பிளாஸ்டிக் நாடாவைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். பேசிக்கொண்டே செய்தாள், இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது.

"பட்டைக்குள்ள பச்சையா ஒரு படலம் இருக்குல்ல மாமா, ரெண்டுலயும் அது ஒண்ணோட ஒண்ணு ஒட்டணும். இல்லாட்டி கருகிடும்."

கேம்பியம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த நோட்டும் சொல்லாது. இன்டெர்னலில் ஒட்டுமுறை பற்றி ஐந்து மார்க் கேள்வி வந்ததாம். தன் கையால் செய்ததை, தனக்கு வந்த ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாள். இரண்டு மார்க். ஓரத்தில் பேராசிரியரின் குறிப்பு: நோட்ஸில் உள்ளபடி எழுதவும்.

அந்த நோட்டு கட்டிய ஒட்டு எதுவும் இதுவரை துளிர்த்ததில்லை. அவள் கட்டியது அப்பாவின் நர்சரியில் வரிசையாகத் துளிர்த்து நிற்கிறது.

பெற்றோரே, இன்று ராத்திரி சாப்பாட்டின்போது உங்கள் பிள்ளையிடம் மார்க்கைக் கேட்காதீர்கள். கல்லூரிக்குப் போகும் வழியில் நிற்கும் ஐந்து மரங்களின் பெயரைக் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் மறுநாள் காலை அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு கல்லூரி முதல்வர் அறைக்குப் போங்கள். வெளியே போகச் சொல்லி யாராவது முதுகில் கை வைப்பார்கள். நகராதீர்கள்.