சுமைக்குள் சொகுசு: மலைநடைப் பை குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வின் நோக்கம்

மலைநடைக்குப் பை கட்டும் உலகம் இரு கட்சிகளாகப் பிளந்து கிடக்கிறது. பைக்குள் இருப்பதில் எதை எடுத்து வெளியே போடலாம் என்று தூக்கத்தைத் தொலைப்பது ஒரு கட்சி. வெளியே கிடப்பதில் எதை உள்ளே திணிக்கலாம் என்று தூக்கத்தைத் தொலைப்பது மற்றொன்று. முன்னவரைக் கிராம் கட்சியார் என்றும் பின்னவரை மெத்தைக் கட்சியார் என்றும் இக்கட்டுரை வழங்கும். இரு தரப்பாரும் நேரடியாக விடை சொல்லாமல் நழுவும் ஒரு கேள்வியே இங்கே ஆய்வுப் பொருள்: உயிர்வாழத் தேவையில்லாத ஒரே ஒரு பொருளைச் சுமந்துபோக அனுமதி உண்டென்றால், அது எதுவாக இருக்கத் தகும்?

முதலில் எல்லை வகுப்போம். உணவு, தண்ணீர், அடுப்புக்கான எரிபொருள் நீங்கலாகப் பையில் எஞ்சுவது அடிப்படை எடை. அமெரிக்க நெடுவழி நடையர் வழக்கில் இது சுமார் 9 கிலோவுக்குள் அடங்கினால் எளிய பை, 4.5 கிலோவுக்குள் அடங்கினால் அதியெளிய பை. உடம்பில் அணிந்திருப்பது கணக்கில் சேராது. இந்த விலக்கைக் கண்டுகொண்ட கிராம் கட்சியார் சிலர், சட்டைப் பையும் கால்சட்டைப் பையும் பிதுங்கப் பிதுங்க நின்றபடி, முதுகுப் பையை மட்டும் தராசில் மாட்டி "நாலே கால்" என்று அறிவிக்கிறார்கள். இது ஆய்வு நெறி ஆகாது.

2. முன்னோர் சான்று

கிராம் கட்சியின் குலதெய்வம் எம்மா கேட்வுட் பாட்டி. பதினொரு பிள்ளைகளைப் பெற்றவர். 1955இல், தம் 67ஆம் வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடுவழி முழுவதையும் தன்னந்தனியாக நடந்து முடித்தார். தூரம் 3,200 கிலோமீட்டருக்கும் மேல். காலில் கேன்வாஸ் ஷூ, தோளில் தாமே தைத்த துணிப் பை, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை ஒன்று. கூடாரம் கிடையாது. இவர் பெயரைச் சொன்னதும் மெத்தைக் கட்சியார் வாயடைத்துப் போவர்.

ஆனால் மெத்தைக் கட்சியிடமும் ஒரு பிரம்மாஸ்திரம் உண்டு. 1915இல் துருவப் பயணி எர்னஸ்ட் ஷாக்கிள்டனின் கப்பல் அண்டார்டிக் பனியில் சிக்கி நொறுங்கியது. ஆளுக்கு இரண்டு பவுண்டு, அதாவது சுமார் 900 கிராம் சொந்தப் பொருளுக்கு மட்டுமே அனுமதி என்று ஆணையிட்ட அவர், முதல் ஆளாகத் தம் தங்க நாணயங்களைப் பனியில் வீசினார். அதே மனிதர், வானிலையாளர் லியோனார்ட் ஹஸ்ஸியின் பாஞ்சோ என்னும் நரம்பிசைக் கருவியை மட்டும் கட்டாயம் கொண்டுவரச் சொன்னார். அதன் எடை 12 பவுண்டு, சுமார் 5.4 கிலோ. பிற்பாடு எலிஃபண்ட் தீவில், கவிழ்த்துப் போட்ட படகுகளுக்கு அடியில், 22 பேர் நான்கு மாதங்களுக்கு மேல் அந்த பாஞ்சோவைக் கேட்டுக்கொண்டு மீட்புக்காகக் காத்திருந்தார்கள். ஒருவர் தவறாமல் 22 பேரும் உயிரோடு மீண்டார்கள். பாஞ்சோ இன்று கிரீனிச்சில் அருங்காட்சியகப் பொருள். வீசப்பட்ட தங்கம் கடலுக்கடியில்.

நம் பக்கச் சான்று சபரிமலை இருமுடி. முன்முடியில் நெய்த்தேங்காய் முதலான பூசைப் பொருள். பின்முடியில் அவரவர் வழிக்கு வேண்டியவை. தன் இருமுடியைத் தானேதான் தலையில் சுமக்க வேண்டும். சொகுசுக்கும் தேவைக்கும் இடையிலான வழக்கில் இதைவிடத் தெளிவான தீர்ப்பு கிடைப்பது அரிது என்பதைப் பின்னர்க் காண்போம்.

3. வகைப்பாடு

சொகுசுப் பொருள்கள் மூவகைப்படும்.

முதலாவது, பழிச்சொல்லுக்கு ஆளான தேவைப் பொருள். எடுத்துக்காட்டு, தரைவிரிப்பு. தூக்கப் பையின் பஞ்சு உடம்பின் பாரத்தில் நசுங்கிவிடுவதால் முதுகுப் பக்கம் அதனால் சூடு காக்க முடியாது. தரை உடம்புச் சூட்டைக் குடித்துவிடும். ஆகவே விரிப்பு சொகுசன்று. விரிப்பை வீட்டில் விட்டுவந்தவர் நடுநிசிக்குள் தாமாகவே கட்சி மாறுவார்.

இரண்டாவது, தேவையின் வேடம் தரித்த சொகுசு. இரண்டாவது பவர் பேங்க் இவ்வகை. "அவசரத்துக்கு" என்று பையில் ஏறும். சிக்னலே இல்லாத பள்ளத்தாக்கில் பழைய படங்களைப் பார்க்கப் பயன்பட்டு இறங்கும்.

மூன்றாவது, பல வேலை பார்த்துப் பிழைக்கும் சொகுசு. இதன் தலைசிறந்த வடிவம் லுங்கி. வெயிலில் தலைப்பாகை, ஓடைக்கரையில் உடைமாற்றும் அறை, அடுப்படியில் பிடிதுணி, இரவில் தூக்கப் பைக்குள் உள்ளுறை. குற்றம் சாட்டினால் ஒவ்வொரு முறையும் வேறு வேலையைக் காட்டித் தப்பிவிடும். ஒரு குறை உண்டு. நனைந்த பருத்தி குளிரில் லேசில் உலராது. உடம்புச் சூட்டையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே லுங்கியைப் பாலிதீன் உறைக்குள் வைத்துக் கூடாரம் சேர்ந்த பிறகே அவிழ்க்க வேண்டும் என்பது விதி.

4. சூத்திரம்

பொருளின் தகுதியை அளக்க இவ்வாய்வு முன்வைக்கும் சூத்திரம்: ஒரு நாளில் பயன்படும் மணி நேரத்தைப் பயன்பெறுவோர் எண்ணிக்கையால் பெருக்கி, கிலோ எடையால் வகுக்க.

காற்றடைக்கும் தலையணை: 80 கிராம், 8 மணி நேரம், ஒருவர். விடை 100. வென்றுவிட்டதாக மெத்தைக் கட்சியார் கொண்டாட வேண்டாம். குளிர்ச்சட்டையைத் துணியுறைக்குள் திணித்தால் அதுவே தலையணை. பையிலுள்ள இன்னொரு பொருளால் ஆகும் வேலைக்குத் தனிப்பொருள் எதற்கு? தள்ளுபடி.

மடக்கு நாற்காலி: அரைக் கிலோ, 2 மணி நேரம், ஒரு சமயத்தில் ஒருவர். விடை 4.

இட்லிப் பொடி: 100 கிராம் டப்பா, இருவேளையுமாக 20 நிமிடம், ஆறு பேர். விடை 20. இமயமலையில் 3,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 88 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேக மறுக்கும். மூன்றாம் நாள் இரவு, அந்த அரைவேக்காட்டுப் பருப்பின் முன் ஒருவர் டப்பாவின் மூடியைத் திறக்கிறார். எள்ளும் பெருங்காயமும் சேர்ந்த மணம் அடுத்த கூடாரம்வரை போகிறது. ரொட்டியோடு ஆட்கள் வருகிறார்கள். முன்பின் பேசாதவர்களும் வருகிறார்கள்.

ஹஸ்ஸியின் பாஞ்சோ: 5.4 கிலோ, 22 பேர், ஒரு மணி நேரக் கச்சேரி. விடை 4க்குச் சற்று மேல். ஆக, இட்லிப் பொடி பாஞ்சோவை ஏறக்குறைய ஐந்து மடங்கு வெல்கிறது. இது பொடியின் பெருமையா, சூத்திரத்தின் கோளாறா என்பதை வருங்கால ஆய்வாளர் முடிவு செய்யட்டும்.

5. நாற்காலி விதி

நாற்காலி கொண்டுவருபவர் பகல் முழுக்கக் கேலிக்கு ஆளாவார். மாலை ஐந்து மணிக்குக் குழாய்களைப் பொருத்தி, துணியை இழுத்து மாட்டி, சமதளம் தேடி நாற்காலியை நிறுத்துவார். பிறகு தண்ணீர் பிடிக்கப் போவார். திரும்பி வரும்போது, பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்பையே எடைக்காக வெட்டிய கிராம் கட்சித் தலைவர் அதில் சாய்ந்திருப்பார்.

"அண்ணே, ஒரே நிமிஷம். முதுகு பிடிச்சுக்கிச்சு."

"இருக்கட்டும் தம்பி, உக்காருங்க."

அந்த நிமிஷம் இரவுச் சாப்பாடு வரை நீளும். சுமந்தவர் நிற்பார், சிரித்தவர் உட்காருவார். இதுவே நாற்காலி விதி.

6. தடையும் விடையும்

அஃதேல், சொகுசைக் கோவேறு கழுதையின் முதுகில் ஏற்றினால் ஆகாதோ எனின், ஆகாது. பிறர் முதுகில் போகும் பொருளுக்கு எடை தெரியாது. எடை தெரியாதவருக்கு எண்ணிக்கையும் தெரியாது. நாற்காலியில் தொடங்கி மேசையில் முடியும். இருமுடி சொல்லும் தீர்ப்பு இங்கேதான் பொருந்துகிறது.

எதுவுமே இல்லாமல் கேட்வுட் பாட்டி நடந்தாரே எனின், உண்மை. பதினொரு பிள்ளைகளை வளர்த்துவிட்டு வருபவருக்கு அந்த விலக்கு செல்லும்.

7. முடிவு

ஆளுக்கு ஒரு சொகுசு அனுமதிக்கப்படுகிறது. அது பையிலுள்ள வேறெதனாலும் ஆகாத வேலையைச் செய்ய வேண்டும். தினமும் வெளியே வர வேண்டும். கொண்டுவந்தவரே சுமக்க வேண்டும். கேட்பவருக்குக் கொடுக்கத் தக்கதாய் இருக்க வேண்டும். புறப்படும் முன், குழுவில் யாராவது நாற்காலி கொண்டுவருகிறாரா என்று விசாரியுங்கள். கொண்டுவருகிறார் என்றால் அவரைக் கேலி செய்யாதீர்கள். நீங்கள் பொடி எடுத்துக்கொள்ளுங்கள்.