பிக்கப்பின்மை: ஒரு நோய்நாடல் ஆய்வு

"வண்டியில பிக்கப் இல்லை" என்ற தொடரை, கார் வைத்திருக்கும் எவரும் வாழ்நாளில் ஒருமுறையாவது சொல்லியிருப்பார். இத்தொடரை ஆராய்ந்த முன்னோடி நூல்கள் எவையும் உள்ளனவா என்று இக்கட்டுரையாளன் தேடவில்லை. எனவே இல்லை என்றே கொண்டு மேலே செல்வோம்.

முதலில் சொல்லாராய்ச்சி. பிக்கப்புக்கு நேரான தமிழ்ச் சொல் இழுவை. இருந்தாலும் குற்றம், இல்லாவிட்டாலும் குற்றம் என்பது இச்சொல்லின் தனிச்சிறப்பு. பட்டா மாற்றலில் இழுவை இருந்தால் புலம்புகிறோம்; மலையேறும்போது இல்லாவிட்டால் அதற்கும் புலம்புகிறோம்.

ஆய்வுக் களம், சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆய்வுப் பொருள், டர்போ இல்லாத 1,200 சிசி பெட்ரோல் கார். ஆய்வுக் குழுவில் நான், மனைவி, மச்சினர், அவருடைய பிள்ளைகள் இருவர், ஒரு தூக்குவாளி புளியோதரை. ஏழாவது வளைவில் இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை அடி வரைக்கும் மிதித்தேன். வண்டி யோசித்தது. பின்னால் பால் கேன் கட்டிய மொபெட் ஒன்று ஹாரன் அடித்து வழி கேட்டது. கொடுத்தேன்.

உடனே கருத்துகள் பிறந்தன. "ஃபியூயல் பம்ப் போயிடுச்சு மாப்பிள்ளை" என்றார் மச்சினர். அவர் வண்டியில் போன வருஷம் போனது ஃபியூயல் பம்ப். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு காலத்தில் லாரி வைத்திருந்தவர். வீடு திரும்பியதும் அவர் தந்த தீர்ப்பு கிளட்ச் பிளேட். மனைவி, "ஏசியை நிறுத்துங்க, எல்லாம் சரியாயிடும்" என்றாள். வண்டியின் நோயை அவரவர் தம் பழைய ரசீதிலிருந்தே கண்டுபிடிக்கிறார்கள் என்பது இவ்வாய்வின் முதல் முடிவு.

ஆனால் நோய்க்குறிகள் ஒன்றல்ல. மிதித்ததும் ஒரு கணம் திணறிப் பிறகு ஓடினால், த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம். குலுங்கிக் குலுங்கி இழுத்தால் அது மிஸ்ஸிங். பிளக்கையோ காயிலையோ பார்க்க வேண்டும். எஞ்சின் மட்டும் இரைந்து ஆர்பிஎம் முள் ஏற, வேகமுள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது சரி. ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் அனலாகக் கொதித்தால், பிரேக் பிடித்த பிடியை விடவில்லை என்று பொருள். மெதுவாகப் போகையில் ஒழுங்காக ஓடி, வேகமெடுக்கும்போது மட்டும் மூச்சு முட்டினால் அடைப்பு. அது பெட்ரோல் வரும் வழியிலும் இருக்கலாம், புகை போகும் வழியிலும் இருக்கலாம். சைலன்சருக்கு முன்னால் தேன்கூடு போன்ற கண்ணறைகளோடு இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்டால், உள்ளே இருப்பது வெளியே போகாமல் புதியது உள்ளே வராது. சாப்பாட்டு மேசையிலும் இதே விதிதான்.

காற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் யாரும் சொல்வதில்லை. ஒரு கிலோ பெட்ரோல் முறையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று. பங்கில் பெட்ரோலுக்கு மீட்டர் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிற நாம், ஓசியில் வரும் இந்த 9,000 லிட்டரைக் கண்டுகொள்வதில்லை. அது நுழைவது ஏர் ஃபில்டர் என்னும் ஒரு மடிப்புத் தாள் வழியாக. மேலும் ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றே மெலிவதால், டர்போ இல்லாத எஞ்சின் தன் பலத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கை மலைக்குக் காணிக்கையாகக் கொடுத்தே தீர வேண்டும். ஆனால் மொபெட்டும் அதே காற்றைத்தான் சுவாசித்தது என்பதால் இவ்வாதத்தை நான் வலியுறுத்தவில்லை.

ஒர்க் ஷாப்பில் ஏர் ஃபில்டரை மாற்றினார்கள், நான்கு பிளக்குகளையும் மாற்றினார்கள். த்ராட்டில் பாடி கழுவப்பட்டது. 3,800 ரூபாய். வண்டி அழகாக ஸ்டார்ட் ஆனது, ஐடிலில் பூனை மாதிரி நின்றது, மேம்பாலத்தில் மறுபடி யோசித்தது. மச்சினர் போனில் "நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

இரண்டாவதாகப் போன ஒர்க் ஷாப்பில் இருந்தவன் சின்னப் பையன். ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகினான். ஒரு கோளாறுக் குறியும் இல்லை.

"சார், ஆக்சிலேட்டரை முழுசா மிதிங்க."

"முழுசாத்தான் மிதிச்சிருக்கேன்."

"அறுபது பர்சென்ட்தான் காட்டுது சார்."

குனிந்தான். ஏற்காடு போவதற்கு இரண்டு நாள் முன்பு, தரை அழுக்காகக் கூடாதென்று தடித்த கால்விரிப்பு ஒன்று வாங்கி, பழையதை எடுக்காமல் அதன்மேலேயே போட்டிருந்தேன். முன்னால் நகர்ந்து மடிந்து, பெடலுக்கடியில் தலையணை போலக் கிடந்தது.

இக்காலக் கார்களில் பெடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே கேபிள் கிடையாது. பெடலில் இரண்டு சென்சார்கள் இருக்கும். இரண்டின் சாட்சியும் ஒத்துப்போகிறதா என்று கணினி பார்க்கும். இங்கே இரண்டுமே அறுபது என்று உண்மையைச் சொல்லியிருக்கின்றன. அப்புறம் எந்த விளக்கு எரியும்? கணினியைப் பொறுத்தவரை நான் நிதானமான ஆள், அவ்வளவுதான்.

சான்றுகள் முன்பே இருந்தன. அந்த வாரம் மைலேஜ் கூடியிருந்தது. புது பெட்ரோல் பங்கின் நேர்மை என்று எழுதி வைத்திருந்தேன். பெடல் அடி தொட்டால் ஏசி கம்ப்ரஸரைச் சில நொடி நிறுத்தி அந்தப் பலத்தையும் சக்கரத்துக்குத் தருவது இந்த வண்டியின் வழக்கம். அன்று மலை முழுக்க ஏசி ஒரு நொடியும் நிற்கவில்லை. பின்சீட்டில் பிள்ளைகள் குளிருக்குத் துண்டு போர்த்தியிருந்தார்கள். மனைவி ஏசியைச் சொன்னபோது காது கொடுத்திருந்தால் பாதிக் கிணறு தாண்டியிருப்பேன்.

பையன் நூறு ரூபாய் வாங்கிக்கொண்டான். விரிப்பு இப்போது எங்கள் வீட்டு வாசற்படியில் கிடக்கிறது. மச்சினர் வரும்போதெல்லாம் அதில் நன்றாகக் கால் துடைத்துக்கொண்டே கேட்கிறார்: "என்ன மாப்பிள்ளை, ஃபியூயல் பம்பை மாத்தினீங்களா இல்லையா?"